ஓடிப்போனவனைக் கேட்டு வாங்கும் உரிமை



போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். ஏலக்காயை வாங்கிக்கொண்டு பணம் தராமல் ஒருவன் பூப்பாறைக்கோ சாந்தம்பாறைக்கோ போய் ஒளிந்தால், இங்குள்ள நீதிமன்றத்தின் பிடியாணையோடு காவலர் மலையேறிச் சென்று அவனைப் பிடித்து வரலாம். மாநிலம் வேறானாலும் நாடு ஒன்று, சட்டமும் ஒன்று. அதே மனிதன் மதுரையிலோ கொச்சியிலோ விமானம் ஏறி வளைகுடாவில் இறங்கிவிட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அங்கே நம் பிடியாணை வெறும் காகிதம். அந்த நாட்டை நாம் கேட்க வேண்டும். அந்த நாடு மனம் வைத்துத் தர வேண்டும்.

இந்தக் கேட்டு வாங்கும் முறையைப் பற்றி நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருப்பது மிகக் குறைவு. ஆனால் தேவை அதிகம். ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் பெயரை அறியாதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் பெறப்பட்டதாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. மாதந்தோறும் வங்கிகள் கனவிலும் தராத லாபம் வாக்களிக்கப்பட்டது. வழக்கு வந்தபோது தேடப்பட்டவர்களில் சிலர் அமீரகத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. அது பெரிய பெயர் என்பதால் நாளிதழில் இடம் பிடித்தது. சிறு ஊர்களில் சீட்டு என்றும், நகைச் சேமிப்பு என்றும், "வட்டியில்லாத லாபப் பங்கு" என்றும் வாங்கிக்கொண்டு ஓடியவர்களின் பெயர் எந்த நாளிதழிலும் வருவதில்லை. மகளின் நிக்காஹுக்கென்று அத்தா சேர்த்து வைத்தது போன வீடுகள் நம் மஹல்லாக்களிலும் உண்டு.

"ஹஜ்ரத், நாம் ஒருவனைப் பிடித்துக் கொடுங்கள் என்று வேறொரு நாட்டிடம் கேட்பது மார்க்கத்தில் சரியா? அடைக்கலம் தேடிப் போனவனைத் திருப்பி அனுப்பலாமா?" என்று சிலர் வினவுகிறார்கள். நம் வரலாற்றில் இதற்கு விடை உண்டு. அது ஒற்றை விடை அன்று.

மக்காவின் கொடுமை தாங்காமல் ஹபஷா நாட்டுக்குச் சென்ற முஸ்லிம்களைத் திருப்பித் தருமாறு குறைஷியர் தூது அனுப்பினர். அம்ர் இப்னுல் ஆஸும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவும் தோல் பொருட்களை அன்பளிப்பாகச் சுமந்து சென்றனர். முதலில் மன்னரைச் சூழ்ந்திருந்த மதகுருமார்களுக்குக் கொடுத்து அவர்களைத் தம் பக்கம் சாய்த்தனர். விசாரிக்காமலே ஒப்படைத்துவிடலாம் என்று அவர்களும் மன்னரிடம் சொன்னார்கள். நஜ்ஜாஷி அதற்கு உடன்படவில்லை. வந்தவர்களின் பேச்சைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். ஜஅஃபர் (ரலி) அவர்களைப் பேச விட்டார். அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். அங்கே கேட்கப்பட்டவர்கள் எவருடைய பொருளையும் களவாடியவர்கள் அல்லர். நம்பிக்கை கொண்டதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

ஹுதைபிய்யாவில் நடந்ததோ இதற்கு மாறானது. ஹிஜ்ரி 6-இல் எழுதப்பட்ட அந்த உடன்படிக்கையின் ஒரு விதி, மக்காவிலிருந்து பொறுப்பாளரின் அனுமதியின்றி மதீனா வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது. எழுதி முடிக்கும் முன்பே அபூஜந்தல் (ரலி) விலங்கோடு வந்து விழுந்தார். அவரை மட்டும் விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்டும், அவருடைய தந்தை சுஹைல் இசையவில்லை. அவர் திருப்பி அனுப்பப்பட்டார். தோழர்களின் நெஞ்சு எப்படி வலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயினும் கொடுத்த சொல் காக்கப்பட்டது. பின்னர் ஹிஜ்ரத் செய்து வந்த நம்பிக்கையாளர் பெண்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மும்தஹினா அத்தியாயத்தின் பத்தாம் வசனம் அந்த விதிக்கே ஒரு வரம்பு கட்டியது.

இன்றைய ஒப்படைப்பு உடன்படிக்கைகளும் இதே பாதையில்தான் நடக்கின்றன: கொடுத்த சொல், அதற்கொரு வரம்பு. (நாளிதழ்கள் எல்லாவற்றையும் "நாடு கடத்தல்" என்றே எழுதிவிடுகின்றன. விசா முடிந்தவனை விமானத்தில் ஏற்றி அனுப்புவது நாடு கடத்தல். குற்ற வழக்குக்காக ஒரு நாடு கேட்டு மற்றொரு நாடு தருவது ஒப்படைப்பு. இரண்டும் வேறு.) நம் நாட்டில் இதற்கு 1962-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அமீரகத்தோடு 1999-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. சவூதி, குவைத், ஓமன் நாடுகளோடும் உண்டு. சுமத்தப்படும் செயல் இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்காகக் கேட்டு வாங்கினோமோ அதற்காகவே விசாரிக்க வேண்டும். அரசியல் காரணத்துக்காகக் கேட்டால் மறுக்கலாம்.

வரம்புகளை மதித்தால் ஆள் வந்து சேர்வான் என்பதற்கு அபூசலேம் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்று இந்தியா எழுதிக் கொடுத்த பிறகே போர்ச்சுகல் 2005-இல் அவரை ஒப்படைத்தது. அந்த வாக்கைக் காக்க வேண்டும் என்று 2022-இல் நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே வேளை விஜய் மல்லையாவைப் பாருங்கள். 2016 மார்ச்சில் போனவர். 2018 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் ஒப்படைக்கலாம் என்றது. 2020-இல் மேல்முறையீடும் தோற்றது. இதை எழுதும் வரை அவர் வந்து சேரவில்லை. மும்பைச் சிறையின் அறையில் வெளிச்சம் வருகிறதா என்பதைக் காணொளி எடுத்து அங்கே காட்ட வேண்டியிருந்தது. பணக்காரனுக்கு இத்தனை படிகள் இருக்கின்றன. போபாலில் 1984-இல் விஷவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது கைதாகி உடனே பிணையில் வெளியேறிய வாரன் ஆண்டர்சனை அமெரிக்கா தரவே இல்லை. அவர் 2014-இல் தம் நாட்டிலேயே இறந்தார்.

கேட்கும் இடத்தில் மட்டுமே நாம் எப்போதும் நிற்பதில்லை. 2024 ஆகஸ்டில் இந்தியா வந்த ஷேக் ஹசீனாவை வங்கதேசம் கேட்கிறது. 2025 நவம்பரில் அவர் இல்லாமலே அங்கே மரண தண்டனையும் விதிக்கப்பட்டுவிட்டது. ஜாகிர் நாயக்கை இந்தியா மலேசியாவிடம் கேட்கிறது. அவருக்கு எதிராகச் சிவப்பு அறிவிப்பு வெளியிட இன்டர்போல் 2017-இல் மறுத்தது. இரண்டிலும் ஆளைப் பார்த்து முடிவு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆதாரம் வைக்கப்பட்டதா, அவர் தரப்பைக் கேட்க ஒரு நீதிமன்றம் இருக்கிறதா என்ற நஜ்ஜாஷியின் கேள்வியைத்தான் இரண்டிலும் கேட்பேன். நமக்குப் பிடித்தவர் என்றால் ஒரு நியாயமும், பிடிக்காதவர் என்றால் வேறொரு நியாயமும் பேசுவது மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தை ஓதுகிறவருக்கு அழகன்று.

நம் வீடுகளுக்கு நெருக்கமான ஒன்றைப் பேச விரும்புகிறேன். ஊரார் பணத்தோடு வளைகுடா சென்றவன் அங்கே யாருடைய அறையில் தங்குகிறான்? பெரும்பாலும் நம்மவர் அறையில். மச்சானுக்கு மச்சான், ஊர்க்காரன், ஒரே ஜமாஅத் என்று ஒரு கட்டில் கிடைத்துவிடுகிறது. நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியை விரிவுரை நூல்களில் படித்துப் பாருங்கள். கவசம் ஒன்று களவு போனது. எடுத்தவன் முஸ்லிம் குடும்பத்தவன். பழி விழுந்தது யூதர் ஒருவர்மீது. அவனுடைய உறவினர் அவனுக்காக வாதாடினர். மோசடி செய்தவர்களுக்காக வழக்காட வேண்டாம் என்று அல்லாஹ் தடுத்தான். உண்மை வெளியானதும் அவன் மக்காவுக்கு ஓடிப்போனான். குற்றம் புரிந்தவனுக்கு இடமளிப்பவனை அல்லாஹ் சபிக்கிறான் என்ற கருத்தில் நபிமொழியும் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம் மகன் அங்கே கொடுக்கும் கட்டிலும் இதில் அடங்கும் என்றே நான் விளங்குகிறேன்.

இன்னொரு தடை நம் வெட்கம். பணத்தை இழந்தவர்களில் பலர் புகார் கொடுப்பதில்லை. லாபம் என்று பெயர் மாற்றிய வட்டிக்கு ஆசைப்பட்டோம் என்பதை ஊர் அறிந்துவிடும் என்ற அச்சம்; கணவனுக்குத் தெரியாமல் நகையை வைத்த பெண்ணுக்கு இன்னும் பெரிய அச்சம். வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடுத்த அசல் உங்களுடையது. பகரா 279-ஆம் வசனம் மூலதனம் உங்களுக்கே உரியது என்கிறது. அதைத் திருப்பிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? புகார் இல்லையேல் வழக்கு இல்லை. வழக்கும் குற்றப்பத்திரிகையும் இல்லையேல் எந்த நாட்டிடம் எதைச் சொல்லிக் கேட்பது? தலைமறைவுப் பொருளாதாரக் குற்றவாளிகளுக்கான 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 100 கோடிக்குக் குறையாத வழக்குகளுக்கே பொருந்தும். நம் ஊர்ச் சீட்டுக்காரன் அதற்குள் வரமாட்டான். அவனுக்கு எதிராக முதலீட்டாளர்களைக் காக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், ஒப்படைப்புச் சட்டமுமே நமக்கு வழி.

அந்த வழியில் எல்லாம் காகிதத்தில் நிற்கிறது. ரசீது, வங்கிக் கணக்கில் அனுப்பிய விவரம், கைப்பேசியில் வந்த செய்தி, சாட்சிகளின் பெயர். கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா 282-ஆம் வசனமே குர்ஆனில் மிக நீண்டது. நாமோ கையில் கொடுத்துவிட்டு, "நம்ம ஆள்தானே" என்று எழுந்து வந்துவிட்டோம். ரசீது இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். அதே நபரிடம் கொடுத்த பலர் சேர்ந்து தரும் வாக்குமூலத்துக்கு எடை உண்டு.

மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடியலில் ஜீப் ஏறி மாலையில்தான் இறங்குகிறார்கள். பகலில் காவல் அலுவலகத்துக்குப் போக அவர்களுக்கு நேரமில்லை. அப்படிப்பட்டவர்கள் கையிலிருக்கும் தாள்களோடு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மஃக்ரிபுக்குப் பின் மதரஸாவுக்கு வாருங்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குத் தர வேண்டிய மனுவை எழுதித் தர நானும் மூத்த மாணவர்கள் இருவரும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். பெண்கள் தனியாக வர வேண்டியதில்லை. மகனையோ சகோதரனையோ அழைத்து வரலாம்.