அந்த 64 நாட்களை யார் எழுதுவது?

போன மாதம் வல்லத்தில் வாசிப்பு வட்டம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வர வசதி. பதினோரு பேர் வந்திருந்தார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தியின் பையிலிருந்து ஒரு மாத நாவல் கீழே விழுந்தது. அட்டை கிழிந்து, நாலைந்து கை மாறி வந்த புத்தகம். தோழர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்பேத்கர் படிக்க வந்த இடத்துல இதையா தூக்கிட்டு வர்றது?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ராத்திரி இதப் படிச்சிட்டு அழுதேண்ணா" என்றாள்.

அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து படித்தேன். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கறுத்த பெண், முகத்தில் தழும்பு. பணக்கார வீட்டுப் பையன் முதலில் அவளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பிறகு அவளுடைய பொறுமை, அன்பு, விட்டுக்கொடுத்தல் எல்லாம் பார்த்து மனம் மாறுகிறான். நான் காதலித்தது உன் முகத்தையல்ல, உன் மனதை என்று சொல்கிறான். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்துவிடுகிறது. கடைசி இருபது பக்கம் ஆஸ்பத்திரி. எனக்கே ஓரிடத்தில் தொண்டை அடைத்தது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் மூடி வைத்த பிறகு ஒரு கேள்வி விடவில்லை. இந்த "மன அழகு" ஏன் எப்போதும் கறுத்தவளுக்கும் ஏழைக்கும் மட்டுமே தேவைப்படுகிறது? சிவந்த பணக்காரப் பெண்ணைக் காதலிக்கிறவன் எவனும் உன் மனசைத்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்வதில்லை. அதற்கு அவசியமே இல்லை. மன அழகு என்பது இந்தக் கதைகளில் தள்ளுபடி விலை. முகத்தில் குறைகிறதை மனசில் கூட்டிக் கட்ட வேண்டும். அதுவும் சும்மா வராது, அவள் வாயைத் திறக்காமல் பொறுத்துப் போனால்தான் அந்த அழகு கதாநாயகன் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்த 160 பக்கத்தில் யாருக்கும் சாதி இல்லை. கோயில் இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது, மாமா அத்தை எல்லாம் இருக்கிறார்கள், சாதி மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிறத்துக்கு ஒரு இடம், சாதிக்கு ஒரு இடம், சம்பளத்துக்கு ஒரு இடம். மனசுக்கு என்று தனியாக இடம் எதுவும் கிடையாது. "சாதி தடையில்லை, எஸ்சி எஸ்டி தவிர" என்று போடுகிற பெரிய மனசுக்காரர்களையும் அங்கேதான் பார்க்கலாம்.

மன அழகு என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. பாபாசாகேப் பாகிஸ்தான் பிரச்சினை பற்றி எழுதி 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த நூலைத் தன் மனைவி ரமாபாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். 1935 மே 27 அன்று இறந்துபோனவர் ரமாபாய். ஐந்து குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்தவர். அந்தக் காணிக்கையில் அவருடைய நல்ல உள்ளத்தைச் சொல்கிறார், குணத்தின் தூய்மையைச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. நண்பர்கள் யாரும் இல்லாமல், கையில் காசு இல்லாமல் இருவரும் பட்ட நாட்களை, அவற்றைத் தன்னோடு சேர்ந்து சுமந்தவர் அவர் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். சில வரிகள்தான். எந்த நிலைமையில் அந்த மனசு அப்படி இருந்தது என்று சொல்லிவிடுவதால் அது சினிமா வசனமாகப் போகவில்லை. சாதி ஒழிப்புக்குக் கலப்பு மணமே மெய்யான மருந்து என்று அவர் அச்சிட்டது, ரமாபாய் இறந்த மறு ஆண்டு, 1936இல்.

அடுத்த வட்டத்துக்கு அந்தத் தங்கையிடம் பெருமாள்முருகனின் பூக்குழியைக் கொடுத்தேன். 2013இல் வந்த நாவல். தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் போய், 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வரை போனது. பூக்குழி என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் யோசிப்பார்கள். நாம் தீமிதி என்போம். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி திரௌபதியம்மனில் தொடங்கி நம் வட்டாரம் முழுக்கத் தீமிதிதானே திருவிழா. அந்த நெருப்புக் குழிதான் தலைப்பு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் அதே திரௌபதியம்மன் திருவிழாவின்போது கோயிலுக்குள் நுழைந்த நம் ஆட்கள் அடிபட்டதும், ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்ததும் நினைவிருக்கும். நெருப்பில் யார் இறங்கலாம், யாரை இறக்கலாம் என்பதை ஊர் வைத்திருக்கும் கணக்கு நமக்குப் புதிதில்லை.

பூக்குழியும் காதல் கதைதான். குமரேசன் வேலை தேடி டவுனுக்குப் போய் சோடாக் கடையில் வேலை செய்கிறவன். அங்கே சரோஜாவைப் பார்க்கிறான். கல்யாணம் முடித்துத் தன் ஊருக்குக் கூட்டி வருகிறான். வந்து இறங்கியதிலிருந்து ஊர் கேட்பது ஒரே கேள்வி: இவள் என்ன ஆள்?

கவனிக்க வேண்டிய இடம் இது. மாத நாவலில் கறுப்புதான் குறை. இங்கே சரோஜா நல்ல நிறம், கறுத்தவன் குமரேசன். ஊருக்கு அவளுடைய அழகே சாட்சியாகிவிடுகிறது. நம்ம சாதியில் இப்படி ஒரு நிறம் ஏது, அப்படியானால் இவள் நம்ம ஆள் இல்லை. கறுப்பாக இருந்தால் சேரி என்பார்கள், சிவப்பாக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். முகத்தைப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர்கள் முகத்தில் சாதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இவ்வளவையும் பெருமாள்முருகன் எந்தப் பிரசங்கமும் இல்லாமல், மாமியார் மாராயி வாயிலிருந்து வருகிற வசவுகளிலும் ஒப்பாரியிலும் வைத்துவிடுகிறார். சரோஜாவுக்கு மன அழகு இல்லையா? நிறையவே இருக்கிறது. பொறுத்துப் போகிறாள், மாமியாருக்குப் பணிந்து போகிறாள், வெயிலில் காயும் அந்தப் பாறை மேல் குடிசையில் ஒண்டிக்கொள்கிறாள். எதுவும் உதவவில்லை. எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் சாதி மனம் திருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன காதல் நாவல் ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

சண்டை போட வேண்டிய இடமும் இருக்கிறது. சரோஜாவின் சாதியை நாவல் கடைசி வரை பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. யாரும் தன் ஊரை அதில் பொருத்திப் பார்க்கலாம் என்பது ஒரு நியாயம். பெயர் சொல்லாமல் விட்டால் கொன்றவனுக்கும் பெயர் இல்லாமல் போகிறது என்பது என் வாதம். வட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் போனது. முடிவு எட்டவில்லை.

இமையத்தின் பெத்தவன் நெடுங்கதையையும் சேர்த்துப் படித்தோம். நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணின் பேச்சு. மகள் தலித் ஒருவரைக் காதலிக்கிறாள் என்பதற்காக அவளைக் கொன்றுவிடச் சொல்லிப் பஞ்சாயத்து தீர்ப்பு சொல்ல, அவளை அனுப்பி வைத்துவிட்டுத் தன் உயிரை விடுகிற அப்பாவின் கதை. 2012 செப்டம்பரில் வெளிவந்தது. நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கேயும் பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டிருந்தார். கதைக்கும் நெருப்புக்கும் நடுவில் இரண்டு மாதம்தான்.

மாத நாவலில் காதலைப் பிரிப்பது புற்றுநோய், விபத்து, விதி. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அழுதுவிட்டுத் தூங்கலாம். நம் கதையில் பிரிக்கிறவனுக்கு வீட்டு எண் இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது. இதைத்தான் அந்தத் தங்கைக்குச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டோம் என்று எனக்குத் திருப்தி.

அவள் கேட்டாள்: "அப்படின்னா நம்ம கதைன்னாலே செத்துத்தான் ஆகணுமாண்ணா?"

பதில் இல்லை என்னிடம். இன்றைக்கும் முழுதாக இல்லை.

நம் இயக்கக்காரர்களுக்குக் காதல் எப்போது தெரிய வருகிறது? பிணவறை வாசலில். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். கண்ணகி, முருகேசன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் நம் பையன், பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம். பிறகு பாதுகாப்புக்காகக் கண்ணகியை அன்றைய நம் விழுப்புரம் மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் தங்க வைத்திருந்தார். ஜூலை 8 அன்று இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆனது, 2021 செப்டம்பர் 24. உச்ச நீதிமன்றத்தில் முடிய 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. குற்றவாளிகளில் காவல் துறையினரும் உண்டு. இதையெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்தத் தேதியில் சிபிஐக்குப் போனது, யார் பிறழ் சாட்சி ஆனார் என்பது வரை கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறோம்.

ஆனால் மே 5இலிருந்து ஜூலை 8 வரை 64 நாள். அந்த 64 நாளில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? எங்கே வீடு பார்க்கலாம் என்று யோசித்திருப்பார்களா? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும், அவருக்கு வேலை எங்கே கிடைக்கும், அம்மாவிடம் எப்போது சொல்வது? எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இது இருக்காது. இருக்கவும் கூடாது, நீதிமன்றத்தின் வேலை அதுவல்ல. அதை எழுதுவதுதான் நாவலின் வேலை. எதை இழந்தோம் என்று தெரியாமலே இழப்பு இழப்பு என்று நாம் முழங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த மாத நாவல் எழுதினவர் சாதியை மறைத்துவிட்டார், சரி. ஆனால் ஒரு பெண் நடுராத்திரியில் அழும் அளவுக்கு அந்தச் சின்னச் சின்ன நாட்களை எழுதியிருக்கிறார். நம்மிடம் அது இல்லை.

பெருமாள்முருகனும் இமையமும் எழுதியது சாவில் முடிகிறது என்றால், அவர்கள் எழுதிய காலம் அப்படி. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் காதல் இலக்கியத்துக்குள் நுழைய ஒரே கதவு பாடைதான் என்றால் அது இன்னொரு தீண்டாமை.

வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கலப்புத் திருமணம் செய்தவர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு உதவித் திட்டம் இருக்கிறது, எட்டு கிராம் தங்கம், பட்டம் படித்திருந்தால் 50,000 ரூபாய். அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க என்னிடம் வந்தவர்களே பல பேர். ஒரு ஜோடியை ஊர் தெரியாமல் சொல்கிறேன். எட்டு வருஷமாகிறது. அவர் கொத்தனார், அந்த அம்மா தையல். இரண்டு பிள்ளைகள். அவர்கள் கதையில் யாரும் சாகவில்லை. முதல் மூன்று வருஷம் வாடகை வீடு மாறி மாறி ஆறு வீடு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தது தனிக் கதை. அம்மா வீட்டிலிருந்து முதன்முதலாக போன் வந்தது இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தியபோது. அந்தப் பக்கம் யாரும் பேசவில்லையாம், மூச்சு மட்டும் கேட்டதாம். இவர்களும் பேசாமல் போனை வைத்துக்கொண்டே இருந்தார்களாம், ரொம்ப நேரம். இதில் இழப்பு இல்லையா? எந்தப் புற்றுநோயும் வேண்டாம் இந்த ஒரு காட்சியை எழுத.

இதைக் கேட்ட தங்கை லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். மூன்று பக்கம் எழுதிவிட்டு நேற்று போனில், "பொண்ணோட சாதிய சொல்லணுமா வேணாமாண்ணா?" என்று கேட்டாள். சொல் என்றேன். "மாப்பிள்ளை வீட்டு சாதியும்தான?" என்றாள். அதையும் சொல் என்றேன். பெண்ணைக் கறுப்பாகத்தான் எழுதப் போகிறாளாம், ஆனால் அதை யாரும் மன்னிக்கிற மாதிரி எழுத மாட்டாளாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வட்டம், அதே இடம். இமையத்தின் செல்லாத பணம். பெரும்பகுதி ஜிப்மர் தீக்காய வார்டு வாசலில் நடக்கும் நாவல், சாகித்ய அகாதமி வாங்கியது. நம்மில் பாதிப் பேர் அந்த வாசலில் காத்திருந்தவர்கள்தான். பிரதி இரண்டே இருக்கிறது, முன்னதாகவே வாங்கிக்கொண்டு போய் மாற்றி மாற்றிப் படியுங்கள். மாத நாவல் படிக்கிறவர்கள் அதையும் எடுத்து வரலாம், இந்த முறை யாரும் சிரிக்க மாட்டோம்.