கமக்கட்டு நெறி கூறும் செய்தி

காலிலே முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் யாவரும் அறிவோம். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். ஏன்? நம் உடலில் இரத்தக் குழாய்களையன்றி நிணநீர் ஓடும் நுண்குழாய்களும் உள. அவ்வழியில் அமைந்த சிறு கணுக்கள் அந்நீரை வடிகட்டுகின்றன. அக்கணு வீங்குவதையே நெறி கட்டுதல் என்கிறோம்.

மார்பகத்தின் நிணநீரிற் பெரும்பகுதி கமக்கட்டுக் கணுக்களுக்குச் செல்கின்றது. சிறுபகுதி நெஞ்செலும்பின் ஓரத்துக் கணுக்களை அடைகின்றது. ஆகவே மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்கின், பெரும்பாலும் முதலிற் சென்று தங்குமிடம் கமக்கட்டே. அங்கு நோய் இல்லையெனிற் குணமாகும் நம்பிக்கை மிகுதி. நோயுற்ற கணுக்களின் தொகை ஏற ஏற அந்நம்பிக்கை குறையும்; சிகிச்சையும் கடுமையாகும்.

அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்ரெட், 1894 இல் தாம் எழுதிய கட்டுரையில், மார்பகத்தையும் நெஞ்சுத் தசையையும் கமக்கட்டுக் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையை விளக்கினார். கணுக்கள் நோயை மறிக்கும் மதில் என்பதே அக்காலத்தார் கொள்கை. 1971 இல் பேர்னாட் பிஷர் குழுவினர் தொடங்கிய ஆய்வின் 25 ஆண்டு முடிவு 2002 இல் வெளிவந்தது. கமக்கட்டிற் கட்டி தட்டுப்படாத பெண்களுக்குக் கணுக்களை முதலிலேயே அகற்றியதனால் ஆயுள் கூடவில்லை என அது காட்டிற்று. கணு மதிலன்று, செய்தி கொணரும் தூதனே.

தூதனிடம் செய்தி அறிய எல்லாக் கணுக்களையும் எடுத்தல் வேண்டுமோ? வேண்டியதில்லை. 1990 களில் வளர்ந்த முறைப்படி, சாயமோ கதிரியக்கப் பொருளோ மார்பகத்திற் செலுத்தி, நிணநீர் முதலில் அடையும் காவற்கணுவைக் கண்டறிந்து சோதிக்கின்றனர். அதில் நோயில்லையெனின் ஏனையவற்றை விட்டுவிடலாம். கணுக்கள் பலவற்றை அகற்றியோர் சிலருக்கு வாழ்நாள் முழுதும் கை வீங்கி வருத்தும். இம்முறையால் அவ்வருத்தம் பெரிதும் குறைகின்றது.

கமக்கட்டில் நெறி கட்டியதெல்லாம் புற்றுநோயன்று. கையிற்பட்ட சிறு காயமும் காரணமாகலாம். ஆயினும் மார்பகத்திலோ கமக்கட்டிலோ புதிதாகத் தோன்றிய கட்டி எதனையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். "நோகவில்லையே, பார்ப்போம்" என்று நாட்கடத்துதல் தகாது. இந்நோயின் தொடக்கத்துக் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நாணத்தால் மறைப்போரும் உளர். தாயோ தமக்கையோ தயங்கிச் சொல்லும் அச்சொல்லைச் செவிமடுத்து, அவ்வாரமே உடன் அழைத்துச் செல்லுதல் வீட்டார் கடன். கணுவிற்கு நோய் எட்டுமுன் நாம் எட்டிவிட்டால், வெற்றிக்கு வழி பெரிது.