இறங்காதிருக்கும் சுகம்

வான்கூவர் துறைமுகத்திலிருந்து அலாஸ்காவுக்குப் புறப்படும் உல்லாசக் கப்பல்களில் விசித்திரமான பிரயாணிகள் சிலர் உண்டு. கெச்சிக்கன் வந்தாலும் இறங்கமாட்டார்கள். ஜூனோ வந்தாலும் இறங்கமாட்டார்கள். மற்றவர்கள் மழையில் நனைந்துகொண்டு கடைவீதியைச் சுற்றுகையில், இவர்கள் ஆளில்லாத மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் படுத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பணம் கொடுத்துப் போய் ஊரைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று நேயர்கள் கேட்கலாம். நாம் அவர்களைக் குறை கூறமாட்டோம். கூட்டமில்லை, நெரிசலில்லை, அன்று முழுதும் கப்பல் அவர்களுக்கே சொந்தம்.

ஆயினும், வேண்டும்போது இறங்கலாம் என்ற உரிமை இருப்பதனாலேயே அது சுகமாயிருக்கிறது. இறங்க அனுமதியில்லாதவனுக்குக் கப்பலும் சிறைதான். இதே வான்கூவரில் 1914-ம் வருஷம் மே 23-ந் தேதி 'கோமகாட்டா மாரு' என்ற கப்பல் வந்து நின்றது. அதிலிருந்த 376 இந்தியரில், முன்பே கனடாவில் குடியிருந்தவர் முதலிய இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர மற்றவர்களைச் சர்க்கார் இறங்க விடவில்லை. தாய்நாட்டிலிருந்து இடையில் நில்லாமல் நேரே வரவில்லை என்பது அவர்கள் காட்டிய சட்டங்களில் ஒன்று. கண்ணெதிரே கரை, கப்பலிலோ குடிதண்ணீருக்கும் திண்டாட்டம். இரண்டு மாதம் கழித்துக் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கருகே பஜ்பஜ்ஜில் கரையேறியவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பலர் மாண்டனர். கனடாவின் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்க 2016 வரையில், அதாவது 102 வருஷம், ஆயிற்று.

ஆகையால், இறங்க மனமில்லாதவர்கள் சுகமாகச் சாய்ந்திருக்கட்டும். அந்தத் துறைமுகத்தைக் கடக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று, அந்தக் கரையைப் பார்ப்பார்களாக.