வாயிலும் ஒரு மூக்கு

புரட்டாசியில் விதைத்து ஐப்பசி மழையில் தெளிந்த பாசியும் உளுந்தும் மக்காச்சோளமும் கார்த்திகையில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் முழுக்கப் பச்சை கட்டி நிற்கும். இனக்கவர்ச்சிப் பொறிகள் வயலுக்கு வருவதும் இந்தச் சமயத்தில்தான். பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை எண்ணி, பொருளாதாரச் சேதநிலையோடு ஒப்பிட்டு, மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறோம். இந்தக் கணக்கு முழுவதும் ஆண் பூச்சியின் உணர்கொம்பை நம்பியிருக்கிறது. பச்சைக் காய்ப்புழுவின் பெண் பூச்சி வெளிவிடும் வாசனையை ரப்பர் குப்பியில் ஏற்றி ஆணை ஏமாற்றுகிறோம். எந்தச் செடியில் முட்டையிடுவது என்று முடிவு செய்கிற பெண், அந்தப் பொறியின் பக்கமே வருவதில்லை.

அவள் எப்படி முடிவு செய்கிறாள்? உணர்கொம்புக்கும் கால் நுனிக்கும் அதில் பங்குண்டு, பாடநூல்களில் படித்ததுதான். நாம் அதிகம் திரும்பிப் பார்க்காத உறுப்பு வாயில் இருக்கிறது. உறிஞ்சுகுழலின் இருபக்கமும் மேல்நோக்கி வளைந்து நிற்கும் லேபியல் பால்ப்புகளுக்கு மூன்று கணுக்கள். மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கிவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், கடைசிக் கணுவின் நுனியில் ஒரு துவாரம் தெரியும். அதற்குள் குடுவை வடிவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல்பாதியில் மயிர் போன்ற உணர்மயிர்கள், அடிப்பாதியில் தலை பருத்த உணர்மயிர்கள், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவை கண்டுபிடிப்பது கரியமில வாயுவை.

எவ்வளவு நுட்பமாக? கான்பெராவில் கெர்ட் ஸ்டாஞ்சே 1992இல் இதே காய்ப்புழுவின் அந்துப்பூச்சியை வைத்து அளந்தார். அன்றைய காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 350 பங்கு கரியமில வாயு. அதில் அரைப் பங்கு கூடினாலும் குறைந்தாலும் இந்த உறுப்பு உணர்ந்துவிடுகிறது. உணர்கொம்பின் நரம்புகள் மூளையில் தத்தம் பக்கத்து மடலோடு நின்றுவிட, இந்தப் பள்ளத்தின் நரம்புகள் இரண்டு மடல்களுக்கும் போகின்றன. அங்கே அவற்றுக்கென்றே தனி நரம்பு முடிச்சு இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: வாயுவைப் பிடிக்கும் ஏற்பிகள் சுவை ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பப் பெயரை வைத்து வேலையைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு நல்ல சாட்சி.

இதனால் பூச்சிக்கு என்ன லாபம் என்பதைச் சப்பாத்திக்கள்ளி காட்டிக்கொடுத்தது. நம் ஊர்க் கள்ளியை 1926இல் இலங்கை வழியாக வந்த கொச்சினீல் பூச்சி அழித்தது. ஆஸ்திரேலியாவில் அந்த வேலையைச் செய்தது 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுபோன காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சி. கள்ளி இரவில் கரியமில வாயுவை உள்ளிழுக்கும் செடி. அதன் மடலை ஒட்டிய காற்றில் வாயு லேசாகக் குறைவதைப் பெண் அந்து தன் பால்ப்பால் உணர்ந்து முட்டையிடுகிறது. சுற்றுக் காற்றில் வாயுவை இருமடங்காக்கியபோது முட்டையிடுவது குறைந்தது என்றும் ஸ்டாஞ்சே 1997இல் எழுதினார். பருத்தியும் பாசியும் இரவில் வாயுவை வெளிவிடுபவை என்பதால் கள்ளியின் பாடத்தை அப்படியே கரிசலுக்குத் தூக்கிவர முடியாது. பெண் பூச்சி வரும் மாலை முதல் நள்ளிரவு வரை, பூக்கும் செடியின் உயரத்தில் வாயு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை இங்கேயே அளந்தாக வேண்டும். கொசுவின் மாக்ஸில்லரி பால்ப்பும் கரியமில வாயுவை உணர்கிறது என்பதால் கொசு ஆய்வாளர்கள் வெகுகாலமாக அந்த வாயுவைப் பொறியில் வைக்கிறார்கள். பயிர்ப் பூச்சிக்காரர்களான நாம்தான் பின்தங்கிவிட்டோம்.

அந்துவை விட்டுப் புழுவுக்கு வந்தால், சமாச்சாரம் இன்னும் நம் கைக்கு அருகில் இருக்கிறது. புழுவின் மாக்ஸில்லரி பால்ப் நுனியில் எட்டு நுண்முனைகள். சில மோப்பத்துக்கு, சில சுவைக்கு. பக்கத்திலேயே இரண்டு சுவைக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சுவை நரம்புகள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்ட்பாவர் புகையிலைக் கொம்புப்புழுவின் மாக்ஸில்லாக்களை அகற்றிப் பார்த்தார். வழக்கமாகத் தொடாத இலைகளையும் அது தின்றது. ஆக, வேண்டாம் என்று சொல்வது வாய்.

வேப்பங்கொட்டை வேலை செய்யும் இடங்களில் ஒன்று இந்த வாய்தான். 1962இல் டெல்லியில் வெட்டுக்கிளிகள் இறங்கியபோது, பூச்சியியலாளர் பிரதானும் அவர் குழுவினரும் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை கடிக்கவில்லை. நம் பக்கத்தில் ஐந்து சதவீதச் சாறு தெளித்த மறுநாள் வயலுக்குப் போய், செத்த புழுவைத் தேடிவிட்டு, "சாறு கேட்கவில்லை" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கடிக்க மறுத்த புழு மறுநாளே செத்துக் கிடக்காது. எண்ண வேண்டியது புதிய கடிவாயையும் புது எச்சத்தையும். 2018இல் கர்நாடகத்தில் தலைகாட்டி, அந்தப் பருவத்திலேயே நம் மக்காச்சோளத்தை மொட்டையடித்த படைப்புழு குருத்துக்குள் இருந்து தின்கிறது. பால்ப் தொடும் இடத்தில் சாறு இல்லையென்றால் பயனில்லை. தெளிப்பான் முனை குருத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் காலையில் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போவதும் வீண். சாயங்காலம் தெளிக்கச் சொல்லுங்கள்.

பால்ப்பை ஆராய மின்னணு நுண்ணோக்கி வேண்டுமே என்பார்கள். அது இல்லாமலும் தொடங்கலாம். மோப்ப மயிரின் சுவரெங்கும் நுண்துளைகள். வாசனை மூலக்கூறு அவற்றின் வழியே உள்திரவத்தில் இறங்கி நரம்பு முனையைத் தொடுகிறது. சுவை மயிருக்கு நுனியில் ஒரே துளை. வெட்டுக்கிளி வகைகளை ஆராய்ந்த எலினார் ஸ்லைஃபர் 1960இல் சொன்ன கிரிஸ்டல் வயலட் சாய முறையில், துளையுள்ள இடம் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தின் சாதாரண நுண்ணோக்கி இதற்குப் போதும்.

1901இலிருந்து நடக்கும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் களமும் கிள்ளிகுளம் கல்லூரி மாணவர்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் பூச்சிகளைச் சேகரிப்போரிடம் ஒரு வேண்டுகோள்: ஊசியில் குத்தும்போது பால்ப் முறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஆணா பெண்ணா, எந்தப் பயிரில், என்ன தேதியில் என்பதைச் சீட்டில் எழுதுங்கள்; சாயமேற்றிய பால்ப்பின் படம் அரைப் பக்கம் இருந்தாலும் அனுப்புங்கள். கரிசல் பூச்சிகளின் வாயுறுப்புப் படங்களுக்கு அடுத்த இதழிலிருந்து தனிப் பக்கம் ஒதுக்குகிறோம்.