முதியோர் பாதமும் மஹல்லாவின் கடமையும்

நம் ஊர்களில் ஒருவர் மவுத்தாகி விட்டார் என்ற செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட மறுகணமே ஜமாஅத் இயங்கத் தொடங்கி விடுகிறது. குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் வந்து விடுகிறார்கள். கபன் துணி வருகிறது, சந்தூக்கு வருகிறது, மையவாடியில் குழி தோண்டப்படுகிறது. யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டி அடக்குவது பர்ளு கிபாயா என்பதையும், ஒருவருமே முன்வராவிடில் ஊரே குற்றவாளியாகும் என்பதையும் நம் மக்கள் நன்கறிவார்கள். போற்றத்தக்க பண்பு இது. ஆயினும் அந்த மனிதர் உயிரோடிருந்த கடைசி ஆண்டுகளில், தம் கால் நகத்தைத் தாமே வெட்டிக்கொள்ள இயலாமல் பட்ட துன்பத்தை அதே ஜமாஅத்தில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்?

இதுவும் ஒரு பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். எழுபதைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், நகைக்க மாட்டார்கள். முதுகு வளைய மறுக்கிறது. முழங்கால் மடங்குவதில்லை. கண் மங்கி, கை நடுங்குகிறது. நகமோ முதுமையில் தடித்துக் கொம்பு போல் இறுகி, சாதாரண நகவெட்டிக்கு அடங்காததாகி விடுகிறது. வளர்ந்த நகம் பக்கத்து விரலைக் கீறும். சதைக்குள் இறங்கிச் சீழ் கட்டும். செருப்பு அணிய முடியாது. வலிக்கு அஞ்சிப் பாதத்தைச் சாய்த்து வைத்து நடப்பவர் ஹௌதின் ஈரப்படியில் சறுக்கி விழுவார். பள்ளிக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெல்ல மெல்ல வராமற் போனால், அதன் காரணம் சில வேளைகளில் இத்துணைச் சிறியதாகவும் இருக்கும். அவர் அதனை வெளியே சொல்ல மாட்டார். நாற்றமெடுக்கும் பாதத்தைப் பிறர்முன் நீட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

மார்க்கம் இதனைச் சிறிய விஷயமாகக் கருதவில்லை. நகம் களைவதை மனிதனின் இயற்கைத் தூய்மையாகிய பித்ரத்தின் ஐந்து செயல்களுள் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நாற்பது நாட்களுக்கு மேல் அதனை விட்டுவைக்கலாகாது என எல்லை வகுக்கப்பட்டிருப்பதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்யுங்கால் தம் சிறுவிரலால் கால்விரல் இடுக்குகளைத் தேய்த்ததைக் கண்டு அறிவித்த தோழரும் உண்டு. நகத்தடியில் சேர்ந்த அழுக்கு நீரைத் தடுத்தால் ஒளு நிறைவேறுமா என்று மத்ஹபு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த விரலில் தொடங்கி எந்த விரலில் முடிப்பது என்பதைக்கூட இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியுள்ளார்கள். அந்த வரிசையைப் பற்றிப் பேசும் நாம், குனியவே முடியாதவரின் நகத்தை வெட்டுவது யார் என்பதைப் பேசுவதில்லை!

இன்னொன்றும் உண்டு. உயிரோடிருக்கையில் விடப்பட்டதை மய்யித்துக் குளிப்பில் சரிசெய்து விடலாம் என்று எண்ணுவோர்க்கு அந்த வாயிலும் அடைபட்டிருக்கிறது. மய்யித்தின் நகத்தை வெட்டலாகாது என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். ஷாபிஈ மத்ஹபிலும் அது மக்ரூஹ் என்பதே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தேர்ந்த கருத்து. ஆகவே செய்ய வேண்டியதை இன்றே செய்தாக வேண்டும்.

பெற்றோருக்குப் பணிவிடை புரிவது பிள்ளைகளின் கடமையல்லவா, ஜமாஅத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கடமை பிள்ளைகளுடையதே, ஐயமில்லை. முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் சலிப்பின் சிறு ஒலியைக்கூட எழுப்பாதீர் என்கிறது அருள்மறை. ஆனால் நம் ஊர்களின் நிலை என்ன? கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் எத்தனையோ வீடுகளில் மகன் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறான். பணம் வருகிறது, தொலைபேசியில் முகமும் தெரிகிறது. ஆனால் தொலைபேசி வழியாக நகம் வெட்ட இயலுமோ? உடனிருக்கும் மருமகளிடம் மாமனார் காலை நீட்டக் கூசுகிறார். பிள்ளையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

முன்னாளில் இதற்கென ஒருவர் இருந்தார். முடி திருத்துபவரைப் பல ஊர்களில் 'ஒஸ்தா' என்று அழைப்பார்கள். ஆசான் என்னும் பொருள்படும் உஸ்தாத் என்ற சொல்லின் திரிபு அது. வீடு தேடி வந்து, திண்ணையில் அமர்ந்து, பெரியவர்களுக்கு முடியோடு நகமும் களைந்து செல்வார். அவரை நாம் நடத்திய விதம் பெருமைக்குரியதன்று. ஒரே ஸப்பில் தோளோடு தோள் நின்று தொழுதோம். சம்பந்தம் என்று வந்தபோது விலகிக்கொண்டோம். அவருடைய பிள்ளைகள் அத்தொழிலை விட்டுப் போனதில் வியப்பென்ன? தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டு, வீட்டு வேலைகளில் மனைவியர்க்கு உதவிய நபியின் உம்மத்து, பிறர் பாதத்தைத் தொடும் பணியை இழிவாகக் கருதிற்றே! இப்பணியை மீண்டும் தொடங்குவதாயின் அந்தப் பழைய பிழை நுழையாதிருக்க வேண்டும். முத்தவல்லியின் மகனும் முறை வைத்து வரட்டும். அதையே தொழிலாகச் செய்ய முன்வருபவர்க்கு இமாமுக்குத் தருவதைப் போல மரியாதையோடு மாதச் சம்பளம் தரப்படட்டும். செலவுக்கு ஜகாத்தைத் தொட வேண்டாம். அதற்குரியோர் எண்மர் என்பது திருமறையிலேயே வரையறுக்கப்பட்டு விட்டது. ஸதகாவும் ஜமாஅத்தின் பொது வருவாயும் போதும்.

பிரிட்டனில் ஏஜ் யூகே என்னும் முதியோர் நல அமைப்பின் உள்ளூர்க் கிளைகள் பல, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இதே பணியைக் கட்டணம் பெற்று நடத்துகின்றன. பள்ளிவாசலும் வாலிபர்களும் வாரந்தோறும் கூடும் ஜும்ஆவும் உள்ள நமக்கு அது அரிதன்று.

வேண்டுவன மிகக் குறைவு. கையுள்ள நாற்காலி, தொட்டி, வெதுவெதுப்பான நீர், துவாலை, நல்ல வெளிச்சம். நகத்தைச் சற்று ஊறவைத்து, நேராக வெட்ட வேண்டும். ஓரங்களைத் தோண்டலாகாது, பிளேடு கூடவே கூடாது. வெட்டியபின் விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். ஒருவர்க்கு உரிய நகவெட்டி மற்றவர்க்கு ஆகாது. பெயர் எழுதிய பையில் அவரவர்க்குத் தனித்தனியே இருக்கட்டும். களைந்த நகங்களைப் புதைப்பது சிறந்தது என்று நம் அறிஞர்கள் சொல்லியிருப்பதால் பள்ளித் தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கலாம். கண்ட குறையை வெளியிற் பேசாதிருப்பது அமானிதம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் மிக அவசியம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அந்நோய் முற்றினால் பாதத்தின் உணர்வு மரத்துப் போகும். இரத்த ஓட்டமும் குறையும். நகவெட்டி பட்ட சிறு கீறல் அவருக்கு வலிக்காது, அதனாலேயே கவனிக்கப்படாமல் புண்ணாகும், அழுகும், காலையே எடுக்க நேரும். ஆகவே நீரிழிவு உடையவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள், பாதத்தில் புண்ணோ கருமையோ உள்ளவர்கள் ஆகியோரை நம் தொண்டர்கள் தொடலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அவர்களுக்குச் செய்யும் சேவை. தொடங்குமுன் பயிற்சி பெற, அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரை அழைத்துச் சில நாட்கள் கற்பிக்கச் சொல்லலாம். வெறும் ஆர்வத்தோடு கத்தரியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவதை நான் ஒப்பமாட்டேன்.

பெண்களுக்குப் பெண்களே செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆண்கள் பள்ளிக்கு வந்து விடுவார்கள். மூதாட்டியரின் நிலைதான் கவலைக்குரியது. காயல்பட்டினத்தைப் போல் பெண்கள் தைக்காக்கள் உள்ள ஊர்களில் அங்கேயே நடத்தலாம். மற்ற ஊர்களில் இரண்டு பெண்கள் சேர்ந்து வீடு வீடாகச் செல்லலாம். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

நாள் குறிக்கையில் ஒன்றை மறவாதீர்கள். குர்பானி கொடுக்க நாடியவர் துல்ஹஜ் பிறை கண்டது முதல் அறுத்து முடிக்கும்வரை நகம் களையாதிருப்பது சுன்னத்து. அவர்களுக்குத் துல்கஃதாவின் கடைசி ஜும்ஆவிலேயே முடித்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.