ஒரே ஏட்டில் இரு மொழிகள்

விஞ்ஞான நிலையங்களில் இரவு பகலாக இயங்கும் கணிப்பொறிகளின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதியை, ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு கட்டளைத் தொகுப்புகளே நடத்துகின்றன. கருவிகள் பதிந்த அளவுகளைத் திரட்டுவதும், பழைய கோப்புகளை நீக்குவதும், அறிக்கை தயாரிப்பதும் இவற்றின் பணிகள். இத்தொகுப்புகளினுள் வேறொரு மொழியின் நிரலைப் பொதிந்து வைக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. அதன் எல்லை எது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

வழக்கம் தோன்றிய காரணம் நியாயமானதே. ஷெல் என்பது பிற நிரல்களை ஏவி, ஒன்றன் விளைவை மற்றொன்றுக்கு அளிக்கும் மொழி. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லுக்கு எண்களைக் கூட்டவும் வேறொரு நிரலின் துணை தேவைப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1977-இல், பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகான் ஆகிய மூவரும் ஆக் என்னும் மொழியை ஆக்கியிருந்தனர். அட்டவணை ஒன்றின் நான்காம் பத்திக்குச் சராசரி காண ஆக் மொழியில் ஒரு வரி போதும். அவ்வொரு வரிக்கெனத் தனிக் கோப்பு வைப்பது வீண். பின்னர் 1987-இல் பெர்லும், 1991-இல் பைத்தானும் வந்தபோது அவையும் இவ்வாறே ஷெல்லினுள் குடிபுகுந்தன.

ஆயினும் பொதிந்த நிரலை முதலில் படிப்பது ஷெல்லே. அதற்குரிய மொழி பின்னர்தான் படிக்கிறது என்பதை மறத்தலாகாது. டாலர் குறியும் 1 என்ற எண்ணும் சேர்ந்தால், ஆக் மொழியில் அது வரியின் முதற் பத்தி. ஷெல்லுக்கோ, தனக்குத் தரப்பட்ட முதல் உள்ளீடு. முதற் பத்தியை அச்சிடுமாறு எழுதிய ஆக் நிரலை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால், ஷெல் அக்குறியைத் தனதாகக் கொள்கிறது. உள்ளீடு இல்லையெனில் அவ்விடம் வெற்றிடமாகிறது. ஆக் முழு வரியையும் அச்சிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. விடை மட்டும் தவறாகிறது. ஒற்றை மேற்கோள் இதைத் தடுக்கும். பல வரி நிரலைக் கட்டளையின் கீழேயே எழுதும்போது, அதன் முடிவைக் காட்டும் சொல்லை மேற்கோளிட்டு அறிவித்தால் அதே காப்புக் கிடைக்கும்.

இதனினும் பெரிய கேடு, தரவையே நிரலின் வாசகத்தினுள் ஒட்டுவதாகும். வெளியார் அனுப்பிய கோப்பின் பெயரை இவ்வாறு ஒட்டினால், அப்பெயரிலுள்ள ஒரு மேற்கோள் குறி நிரலைச் சிதைக்கும். தீயவர் திட்டமிட்டு அமைத்த பெயராயின் அதுவே கட்டளையாக இயங்கும். பல்லாண்டு சேர்த்த பதிவுகள் அழிய அது போதும். கோப்பின் பெயரைத் தனி உள்ளீடாகவோ சூழல் மாறியாகவோ அனுப்புவதே முறை.

எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் எடுத்துச் செல்வதும் நகலெடுப்பதும் எளிது என்பர். அஃது உண்மையே. ஆனால் ஷெல்லின் இலக்கணச் சோதனை பொதிந்த நிரலைத் தொடுவதில்லை. உள்ளிருக்கும் பிழை அப்பகுதி இயங்கும் நாளிலேயே வெளிப்படும். அப்போதும் பைத்தான் கூறும் வரி எண், பொதிந்த பகுதியின் முதல் வரியிலிருந்து எண்ணப்பட்டதேயன்றிக் கோப்பின் வரி எண் அன்று. மேலும் நிரலே உள்ளீட்டு வழியாக ஊட்டப்பட்டால், தரவு வருவதற்கு அவ்வழி இராது.

ஆகவே, ஒரே பார்வையில் படித்து முடிக்கத்தக்க சில வரிகள் ஷெல்லினுள் இருக்கலாம். அவற்றில் கிளைகளும் சுழல்களும் பெருகி, தனியே சோதிக்க வேண்டிய நிலை வந்தால், நிரலைத் தன் மொழிக்குரிய தனிக் கோப்பில் வைப்பதே தக்கது. எழுதியவர் மாறிச் சென்ற பின்னரும் ஸ்கிரிப்ட் இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் திருத்த வருபவர் இரு மொழிகளின் மேற்கோள் விதிகளையும் ஒருங்கே அறிந்தவராக இருப்பார் என நம்பி ஆய்வுப் பதிவுகளை ஒப்படைத்தல் முறையன்று.