வீட்டிலேயே கல்வி: சட்டம் மௌனம், பெற்றோர் தவிப்பு

புது தில்லி: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், பாட்டி தாத்தா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை அனைவரும் எழுப்பும் முதல் கேள்வி, இது சட்டப்படி செல்லுமா என்பதுதான். கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் இக்கேள்விக்கு மத்திய அரசு நேரான விடை அளிக்கவில்லை.

2002-ஆம் ஆண்டின் 86-வது அரசியல் சாசனத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்தும் சட்டம் 2009 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. 'கட்டாயம்' என்ற சொல்லுக்கு இச்சட்டத்தின் 8-வது பிரிவு தரும் விளக்கம், அது அரசின் கடமை என்பதே. ஆனால் 10-வது பிரிவோ, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. அக்கடமையில் தவறும் பெற்றோருக்கு என்ன தண்டனை? எதுவும் இல்லை. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் சட்டம், பெற்றோர் விஷயத்தில் கடமையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. வீட்டுவழிக் கல்வி என்ற சொல்லே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை.

இந்த இடைவெளி தில்லி உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கும் சென்றது. வீட்டிலேயே கற்க அனுமதி கோரி ஒரு சிறுமியின் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், 2012 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. விரும்பி இம்முறையைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்பது அதன் சாரம். நாடெங்கும் இத்தகைய குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அமைச்சகம் பின்னர் தாக்கல் செய்த மறு பத்திரத்தில் அந்நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. வழக்கும் தீர்ப்பு வரை செல்லவில்லை. ஒரே அமைச்சகம் ஒரே கேள்விக்கு இரு விடைகள் அளித்த நிலையில் பெற்றோர் எதை நம்புவர்?

அதே 2012-இல் நாடாளுமன்றம் ஒரு சிறு கதவைத் திறந்தது. பல்வகை ஊனமும் கடும் ஊனமும் உள்ள குழந்தைகள் வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதாவது வீட்டில் கல்வி என்ற கருத்து நாடாளுமன்றத்துக்கு அந்நியமானது அல்ல. மற்றக் குழந்தைகளைப் பற்றித்தான் அது பேச மறுக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மாற்றுக் கல்வி முறைகளுக்கு இடம் தரவேண்டும் என்கிறது. ஆனால் கொள்கை ஆவணம் சட்டமாகாது.

அரசின் தயக்கத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. படித்த, வசதியுள்ள பெற்றோருக்காகத் திறக்கப்படும் கதவு வழியே, பெண் பிள்ளையை அடுப்படியிலும் ஆண் பிள்ளையைப் பட்டறையிலும் நிறுத்தி வைப்போரும் நுழைந்துவிடலாம் என்பது குழந்தை உரிமை ஆர்வலர்களின் அச்சம். 2016 ஜூலையில் நிறைவேறிய குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று அனுமதித்தது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? அந்த அச்சத்தை வெறும் வாதம் என்று ஒதுக்க இயலாது. எனினும் அதற்கு மருந்து, ஆண்டுக்கொரு முறை குழந்தையின் கற்றலை மதிப்பிடும் எளிய ஏற்பாடுதானே தவிர, இருப்பதையே கண்டுகொள்ளாத மௌனம் அல்ல. கல்வித் துறையின் ஆண்டுக் கணக்கெடுப்பு பள்ளிகள் வாயிலாகவே நடக்கிறது; வீட்டில் முறையாகக் கற்கும் குழந்தையும் வீட்டில் வேலை வாங்கப்படும் குழந்தையும் அதில் ஒன்றுபோல் காணாமற்போகின்றனர்.

அரசு கைவிட்ட இடத்தில் பெற்றோர் தமக்குத் தாமே துணையாகியுள்ளனர். 'ஸ்வசிக்ஷண்' என்ற பெயரில் இந்திய அளவில் ஒரு சங்கம் உள்ளது. மும்பை, புணே, பெங்களூர் போன்ற நகரங்களில் இக்குடும்பங்கள் அவ்வப்போது கூடுகின்றன. புதிதாக இறங்கிய தாய்க்கு அங்கே தேவைப்படுவது பாடத்திட்டம் அல்ல. பத்து ஆண்டுகள் இதே வழியில் நடந்து, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட இன்னொரு தாயின் முகம். பிள்ளை மூன்று மாதங்களாகக் கணக்கைத் தொட மறுக்கிறான், மாமியார் பேசுவதை நிறுத்திவிட்டார், வேலையை விட்டது தவறோ என்பன போன்ற மனக்குறைகளை ஆசிரியர் சங்கத்திடமோ அதிகாரியிடமோ சொல்லி ஆறுதல் பெற முடியாது. பாரம் பெரும்பாலும் தாய்மார் தலையிலேயே விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சான்றிதழ் என்ற சுவரைத் தாண்ட உதவுவது, நொய்டாவில் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிறைந்தவர் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஆனால் மருத்துவக் கல்வியில் இக்கதவும் பல காலம் அடைக்கப்பட்டிருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தோரை விலக்கிய விதியை 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் இவ்விவகாரம் முடிவுக்கு வந்த பிறகே அவர்களுக்கு நீட் தேர்வு உறுதியானது.

தமிழகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாத மும்பை மாணவி ஒருவர், சர்வதேச கணினி ஒலிம்பியாட் பதக்கங்களின் பலத்தில் 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்று கேட்கும் ஐ.ஐ.டி.க்களில் அவருக்கு வழியில்லை. இந்தியாவில் அவரது திறமையை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டது சென்னை கணிதவியல் நிறுவனம்.

ஆனால் பதக்கம் வெல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்? சராசரிப் பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு 6 முதல் 14 வயது வரை எட்டு ஆண்டுகள், 10-வது பிரிவு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. வட்டாரக் கல்வி அதிகாரி ஒருவர் கதவைத் தட்டினால் காட்டுவதற்கு அவர்களிடம் குழந்தையின் நோட்டுப் புத்தகங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.